டேப்பெட் கொஞ்சம் பேசட்டும்... விடுங்க!

போடியில இருந்து ஒரு காலேஜ் நண்பர் கேட்டிருக்கிற கேள்வியை அப்படியே தர்றேன்.

"டிகிரி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். லீவு நாள்ல எல்லாம் அப்பாவோட ஏலக்காட்டு வேலைக்கு போடிமெட்டுக்குப் போயிட்டு வருவேன். 100 சிசி பைக். டேப்பெட்டை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பார்க்கணும்? மெக்கானிக் அண்ணன் 'சத்தம் வந்தா பார்ப்போம்'ங்கிறார். ஃப்ரெண்டு 'சர்வீஸுக்கு சர்வீஸ் பாருடா'ங்கிறான். மேனுவலைத் தேடினேன், கிடைக்கலை. நீங்களே சொல்லுங்க!"

மேனுவல் கிடைக்காதது ஒண்ணும் அதிசயமில்லை பாஸ். வண்டி எடுத்த அன்னிக்கு மாலை, எலுமிச்சம்பழத்தோட சேர்த்து அதையும் பூஜை அலமாரியில வெச்சிருப்பாங்க. அங்கே தேடிப் பாருங்க!

மேட்டருக்கு வருவோம். ஃப்ரெண்டு சொன்னது பாதி சரி. மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான் டேஞ்சர். டேப்பெட் விஷயத்துல சத்தம் வந்தா பெரும்பாலும் பயமில்லை. சத்தம் அடங்கிப் போச்சுன்னாதான் பயப்படணும். அது எப்படின்னு புரிஞ்சுட்டா, எத்தனை கிலோமீட்டர்ங்கிற கணக்கை நீங்களே போட்டுடுவீங்க.

டேப்பெட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். (தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடலாம்.) நாலு ஸ்ட்ரோக் இன்ஜினோட தலையில, அதாவது ஹெட்ல, சாதாரண பைக்குக்கு ரெண்டு வால்வு இருக்கும். ஒண்ணு பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ளே வர்ற வழி, இன்லெட். இன்னொண்ணு எரிஞ்ச புகை வெளியே போற வழி, எக்ஸாஸ்ட். இந்த வால்வோட வாலை ஒரு குட்டிக் கை தட்டித் தட்டித் திறக்கும். அதுக்குப் பேர் ராக்கர் ஆர்ம். ஸ்பிரிங் திரும்ப இழுத்து மூடும். அந்தக் கையோட நுனிக்கும் வால்வோட வாலுக்கும் நடுவுல, வால்வு மூடியிருக்கும்போது, ஒரு சின்ன இடைவெளி இருக்கணும். அதைத்தான் வால்வு கிளியரன்ஸ்ங்கிறாங்க. நம்ம ஊர் ஷெட் பாஷையில 'டேப்பெட் செட்டிங்'.

எவ்வளவு சின்ன இடைவெளி தெரியுமா? நம்ம ஊர் சின்ன பைக்குகள்ல பெரும்பாலும் 0.05 மி.மீ.ல இருந்து 0.15 மி.மீ.க்குள்ள. நீங்க ரெக்கார்டு நோட்டுக்கு பிரின்ட் அவுட் எடுக்கிற ஏ4 பேப்பரோட தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஆக, ஒரு பேப்பர், இல்லேன்னா அரை பேப்பர் தடிமன். இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்.ல சுத்தும்போது ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 3,000 தடவை திறந்து மூடும். செகண்டுக்கு 50 தடவை! அவ்வளவு தட்டு தட்டுறதுல இந்த அரை பேப்பர் இடைவெளி அப்படியே மாறாம இருக்கும்னு நினைச்சா, அது நம்ம பேராசை.

சரி, இடைவெளியே எதுக்கு? ஒட்டி வெச்சுட்டா சத்தமே வராதேன்னு கேட்கலாம். சூடானா இரும்பு நீளும். பத்தாவதுல படிச்சதுதான். வால்வும் நீளும், ஹெட்டும் விரியும், எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளும். அந்த நெருக்கடியிலயும் வால்வு முழுசா மூடணும்னா கொஞ்சம் இடம் விட்டு வைக்கணும். இடம் இல்லேன்னா ராக்கர் நுனி வால்வை லேசா அமுக்கிக்கிட்டே இருக்கும். வால்வு முழுசா மூடாது.

இதுல பாவப்பட்ட ஜென்மம் எக்ஸாஸ்ட் வால்வு. இன்லெட் வால்வுக்காவது புதுசா வர்ற காத்து விசிறி விடும். எக்ஸாஸ்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. எரிஞ்ச நெருப்பு முழுக்க அதைத் தாண்டித்தான் போகணும். அதோட முகம் 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். அந்தச் சூடு எப்படி இறங்குது? வால்வு மூடி, தன்னோட சீட்டுல போய் உட்கார்ற அந்தத் துளி நேரத்துலதான் பெரும்பகுதி சூடு ஹெட்டுக்கு இறங்கும். வெயில்ல நடந்து வர்றவன் திண்ணையில ஒரு நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்குவானே, அந்த மாதிரி. இடைவெளி குறைஞ்சு போச்சுன்னா உட்கார்ற நேரம் குறையும். சுத்தமா போச்சுன்னா உட்காரவே முடியாது. அப்புறம் அந்த மயிரிழை சந்து வழியா நெருப்பு பீய்ச்சும். வெல்டிங் கடையில கேஸ் டார்ச் பார்த்திருப்பீங்க, அதேதான். ஓரம் கருகி, கடிச்சு எடுத்த முறுக்கு மாதிரி ஆயிடும். 'வால்வு எரிஞ்சு போச்சு'ன்னு மெக்கானிக் கையில எடுத்துக் காட்டுவாரே, அது இப்படித்தான் நடக்குது. ஹெட்டைக் கழட்டணும், வால்வு மாத்தணும், சீட்டை கிரைண்ட் பண்ணணும், கேஸ்கெட் போடணும். பில்லு ஆயிரங்கள்ல வரும்.

ரொம்ப லூஸா இருந்தா? வால்வு கொஞ்சம் கம்மியா திறக்கும், இழுவை லேசா குறையும், 'டிக் டிக் டிக்'னு தையல் மெஷின் மாதிரி சத்தம் வரும். ரொம்ப நாள் விட்டா கேமும் ராக்கரும் அடி வாங்கும். அதுவும் நல்லதில்லை. ஆனா அது சொல்லிட்டு வர்ற வியாதி. டைட் ஆனது சொல்லாம வர்ற வியாதி.

கவனிச்சுப் பாருங்க, தேய்மானம் ரெண்டு பக்கமும் நடக்குது. ராக்கர் நுனி, கேம் எல்லாம் தேய்ஞ்சா இடைவெளி கூடும். வால்வு அடிச்சு அடிச்சு சீட்டு உள்ளே பதிஞ்சா, வால்வோட வால் மேல ஏறி, இடைவெளி குறையும். எது ஜெயிக்கும்ங்கிறது வண்டிக்கு வண்டி, ஓட்டுற ஆளுக்கு ஆள் மாறும். சீட்டு ஜெயிச்சா வண்டி நாளுக்கு நாள் அமைதியாகும். நாமளும் 'வண்டி செட் ஆயிடுச்சு மாப்ள, சத்தமே இல்லை'ன்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிவோம்!

அதனாலதான் ஷெட்ல போய் 'அண்ணே, டேப்பெட் சத்தம் கேட்குது, சத்தம் வராம டைட் பண்ணிக் குடுங்க'ன்னு மட்டும் கேட்காதீங்க. கஸ்டமர் சத்தம் வேணாங்கிறார், அவரும் திருகிக் குடுத்துடுவார். வெளியே வரும்போது வண்டி பட்டு மாதிரி இருக்கும். முந்தல் வரைக்கும் பட்டு மாதிரிதான் இருக்கும்.

1985-ல நடந்தது

இந்த மறதி நம்ம மேல மட்டும் தப்பில்லை. கொஞ்சம் பின்னாடி போவோம். 1985-ல ரெண்டு பைக் இந்தியாவுக்கு வந்துச்சு. ஒண்ணு யமஹா ஆர்எக்ஸ் 100. இன்னொண்ணு ஹீரோ ஹோண்டா சிடி 100. ஆர்எக்ஸ் ரெண்டு ஸ்ட்ரோக். அதுல இந்த மாதிரி தட்டித் திறக்கிற வால்வே கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போய் வாசலைத் திறந்து மூடிக்கும். டேப்பெட்டும் இல்லை, செட்டிங்கும் இல்லை. சிடி 100 நாலு ஸ்ட்ரோக். வால்வு உண்டு, டேப்பெட் உண்டு. ஆனா அதோட விளம்பரம் என்ன சொல்லுச்சுன்னா, பெட்ரோலை ஊத்து, மூடு, மறந்துடு! மைலேஜுக்காகச் சொன்னது அது. ஒரு தலைமுறையே அதை வண்டி முழுசுக்கும் எடுத்துக்கிச்சு.

தேனி மாவட்டத்துல கதை இன்னும் ஒரு படி மேல. இங்கே காட்டு வேலைக்குப் போற வீட்டுல எல்லாம் எக்ஸ்எல் சூப்பர்தான் குலதெய்வம். உர மூட்டை, மருந்து டப்பா, தூக்குவாளி, பின்னாடி அம்மா... எல்லாத்தையும் சுமந்துச்சு. அதுவும் ரெண்டு ஸ்ட்ரோக். பெட்ரோல்ல ஆயிலைக் கலந்து ஊத்தினா போதும். 2015-ல வந்த எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக். பார்க்க அதே வண்டி, அதே சீட்டு, அதே மூட்டை வைக்கிற இடம். உள்ளே மட்டும் வால்வு வந்துடுச்சு. இருபது வருஷம் எக்ஸ்எல் ஓட்டின அப்பாகிட்ட போய் 'டேப்பெட் பார்த்தீங்களா?'ன்னு கேளுங்க. 'அது என்னடா எக்ஸ்எல்லுக்கு டேப்பெட்டு?'ன்னு திருப்பிக் கேட்பார். அவர் மேல தப்பே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லலை. இந்த வாரம் நீங்க சொல்லுங்க.

ஊர்ல டேப்பெட்டை மறக்காத ஆளுங்கன்னா தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் டிரைவர் அண்ணன்கள்தான். பழைய டீசல் இன்ஜினோட தினமும் மலை ஏறுறவங்க. இன்ஜின் குரல் லேசா மாறினாலே காதைத் தீட்டிடுவாங்க.

கிலோமீட்டர் மீட்டர் சொல்ற பொய்

இப்போ நம்ம நண்பரோட கேள்விக்கு வர்றேன். எத்தனை கிலோமீட்டர்?

ஸ்குரூவும் லாக் நட்டும் வெச்ச சின்ன பைக்குக்கு (100, 125, 150 சிசி எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான்) சமதரையில 3,000 கி.மீ.க்கு ஒரு தடவை பார்க்கிறது நல்ல பழக்கம். உங்க வண்டி மேனுவல்ல வேற கணக்கு போட்டிருந்தா அதுதான் வேதம். ஒரு சர்வீஸ் விட்டு ஒரு சர்வீஸ்னுகூட சில வண்டிக்கு இருக்கும். பெரிய பைக்குகள்ல ஸ்குரூவுக்குப் பதிலா ஷிம்னு ஒரு வட்டத் தகடு வரும். அதுங்களுக்கு இடைவெளி சீக்கிரம் மாறாது. யமஹா ஆர்6 மாதிரி ரேஸ் ரக வண்டிக்கு அமெரிக்க மேனுவல்ல 42,000 கி.மீ. வரைக்கும்கூட போகுது. அதைப் படிச்சுட்டு 'எனக்கும் 42,000 ஓ.கே.தானே?'ன்னு ஸ்ப்ளெண்டர் பார்ட்டி யாரும் கேட்டுடாதீங்க!

ஆனா இந்த நம்பர் எல்லாம் கிலோமீட்டர்ல இருக்கு. கிலோமீட்டர் மீட்டர் எண்ணுறது சக்கரத்தை. வால்வு அடி வாங்குறது இன்ஜின் சுத்துறதுல. சமதரையில ரெண்டும் ஏறக்குறைய கூடவே போகும். மலையில போகாது. இதைத்தான் எந்த ஷெட்லயும் யாரும் சொல்றதில்லை.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். நாலு கியர் 100 சிசி பைக் டாப் கியர்ல ஒரு கிலோமீட்டர் ஓடினா இன்ஜின் ஏறக்குறைய 6,000 சுத்து சுத்தும். அதே ஒரு கிலோமீட்டரை செகண்ட் கியர்ல ஓட்டினா கிட்டத்தட்ட 11,000 சுத்து. ஃபர்ஸ்ட் கியர்னா டாப்பை விட மூணு மடங்குக்கு மேல. ஆனா மீட்டர்ல மூணுக்குமே ஒரே ஒரு கிலோமீட்டர்தான் ஏறும்!

போடியில இருந்து போடிமெட்டு சுமார் 26 கி.மீ. முந்தல் வரைக்கும் சமதரை. அதுக்கு மேல ஏறக்குறைய 20 கி.மீ. மலை. 17 கொண்டை ஊசி வளைவு. சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறணும். பின்னாடி ஆள் உட்கார்ந்திருந்தா டாப் கியர் எல்லாம் கனவு. செகண்டும் தேர்டும்தான். வளைவுல ஃபர்ஸ்ட். புலியூத்து தாண்டும்போது ஆக்ஸிலேட்டர் முக்கால்வாசி முறுக்கி இருக்கும், வேகம் இருபத்தஞ்சு முப்பதுதான். காத்து பட்டுக் குளிரணும்ங்கிற இன்ஜினுக்குக் காத்து கம்மி, சூடு அதிகம். எக்ஸாஸ்ட் வால்வோட திண்ணை நேரம் முக்கியமாகிறது இந்த இடத்துலதான். காலேஜுக்குப் போடியில இருந்து தேனிக்குப் போயிட்டு வர்ற வண்டி வருஷக்கணக்கா தாங்குற டைட் டேப்பெட்டை, மேட்டு வண்டி ஒரு சீஸன்கூட தாங்காம போகலாம்.

அதனால நான் சொல்ற கணக்கு ரொம்ப சிம்பிள். மலையில ஓடின கிலோமீட்டரை ஒன்றரையால பெருக்குங்க. இது எந்தக் கம்பெனி மேனுவல்லயும் இல்லை, கியர் கணக்குல இருந்து நான் போட்ட உத்தேசம். ஏறும்போது செகண்டும் தேர்டும் மாறி மாறி வரும், இறங்கும்போது கொஞ்சம் கம்மியா இருக்கும், எல்லாம் சேர்த்துப் பார்த்தா ஒன்றரை நியாயமா வருது.

கேள்வி கேட்ட நண்பர் மாசத்துக்குப் பத்து தடவை மேட்டுக்குப் போறார்னு வெச்சுக்குவோம். போக வர மலை 40 கி.மீ. பத்து தடவைக்கு 400. சமதரை ஒரு 600. மீட்டர்ல 1,000. இன்ஜின் கணக்குல 1,200. ஆக, அவர் மீட்டர்ல 2,500 வந்ததுமே டேப்பெட் மூடியைக் கழட்டிடணும். மாசம் 25 நாள் மேல வேலைக்குப் போற அண்ணன்மாருக்கு மலை 1,000, சமதரை 300. இன்ஜின் கணக்குல 1,800. அவங்களுக்கு மீட்டர்ல 2,000-க்குக் கொஞ்சம் மேல போகும்போதே நேரம் வந்துடும். அதாவது ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை. கேட்க ஓவரா தெரியும். ஆனா செலவு என்ன? ஆற அமர அரை மணி நேரம்.

மெட்டுக்கு அப்பால பூப்பாறை, மூணாறு பக்கம் போறவங்களுக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. மூணாறு - போடிமெட்டு ரோடு அகலமாக்கி 2024 ஜனவரியில திறந்தப்புறம் அங்கே தேர்டு, டாப்னு ஓட்ட முடியுது. அந்தக் கிலோமீட்டரை ஒன்றரையால பெருக்க வேண்டியதில்லை. நம்ம பக்கத்துக் கொண்டை ஊசிக்குத்தான் அந்தக் கணக்கு.

இன்னொரு சிறப்பு வழி, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், திருகுறதுக்கு முன்னாடி இருந்த இடைவெளியை அளந்து, டூல் பாக்ஸ்ல ஒரு சின்ன நோட்டுல எழுதி வைங்க. தேதி, கிலோமீட்டர், இன்லெட் எவ்வளவு, எக்ஸாஸ்ட் எவ்வளவு. மூணு தடவை எழுதினா உங்க வண்டியோட ஜாதகம் கையில வந்துடும். ரெண்டு தடவையும் மாறவே இல்லையா? அடுத்த தடவையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். எக்ஸாஸ்ட் ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுக்கிட்டே வருதா? சீட்டு பதியுதுன்னு அர்த்தம். இடைவெளியைப் பாதியாக்குங்க, அதாவது செக் பண்ற கிலோமீட்டர் இடைவெளியை! மேனுவல் எழுதினவர் உங்க அப்பாவோட உர மூட்டையைப் பார்த்ததில்லை. உங்க நோட்டு பார்த்திருக்கு.

புது வண்டி வாங்கினவங்க கவனிக்க. முதல் சர்வீஸ்ல டேப்பெட் பார்த்தாங்களான்னு கேளுங்க. புது பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு உரசிப் படியிற அந்த முதல் ஆயிரம் கி.மீ.லதான் இடைவெளி அதிகமா மாறும். ஃப்ரீ சர்வீஸ்னா வாட்டர் வாஷ்னு நினைச்சுக்கிட்டு வந்துடாதீங்க.

ராத்திரி நிறுத்தி, காலையில பாரு

டேப்பெட் பார்க்கிறதுல நடக்கிற முதல் கோளாறு, சூட்டோட பார்க்கிறது. மேட்டுல இருந்து நேரா ஷெட்டுக்கு வந்து, 'அண்ணே டேப்பெட் பார்த்துடுங்க, கிளம்பணும்'னு நிக்கிறது. மேனுவல்ல சொல்ற அளவு எல்லாம் ஆறின இன்ஜினுக்கு. சூட்டுல எல்லாம் விரிஞ்சு கிடக்கும்போது அளந்தா அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. முதல் நாள் சாயந்திரமே வண்டியை ஷெட்ல விட்டுட்டு வந்துடுங்க. இல்லேன்னா காலையில ஸ்டார்ட் பண்ணாம, தள்ளிக்கிட்டு போங்க. பக்கத்து ஷெட்டா இருந்தா!

ரெண்டாவது, ஃபீலர் கேஜ் இல்லாம கையால ஆட்டிப் பார்த்து செட் பண்றது. முப்பது வருஷ அனுபவம் உள்ள கைக்கு அது சரியா வரலாம். ஆனா 0.05-க்கும் 0.10-க்கும் உள்ள வித்தியாசம் அரை பேப்பர், ஞாபகம் இருக்கட்டும். ஃபீலர் கேஜ்ங்கிறது விசிறி மாதிரி மெல்லிய தகடுங்க அடுக்கின ஒரு சாமான். சில நூறு ரூபாய்க்குள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்கும். ஹாஸ்டல்ல பத்து பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம். வாங்கும்போது 0.05 தகடு அதுல இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

நீங்களே பார்க்கணும்னு ஆசைப்பட்டா, ஒரு தடவை மெக்கானிக் அண்ணன் பக்கத்துல இருந்து பார்த்துட்டு அப்புறம் கை வைங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா இன்ஜினைச் சுத்துறது சுலபம். மேக்னெட் கவர்ல இருக்கிற மூடிகளைத் திறந்து, மேக்னெட்டைச் சுத்தி, 'டி' மார்க்கை வெட்டுக்கு நேரா கொண்டு வரணும். பக்கத்துல 'எஃப்'னு ஒரு மார்க் இருக்கும், அது வேற வேலைக்கு. குழம்பிடாதீங்க. 'டி' மார்க் நேரா வந்தா மட்டும் போதாது. நாலு ஸ்ட்ரோக்ல அது ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் சரியான இடம். ரெண்டு ராக்கரும் விரலால ஆட்டினா லேசா ஆடணும். ஆடாம இறுகி இருந்தா தப்பான சுத்துல இருக்கீங்க, இன்னொரு முழு சுத்து சுத்துங்க. இது தெரியாம, 'ஐயோ, டேப்பெட் டைட்டா இருக்கே'ன்னு லூஸ் பண்ணினா அப்புறம் வண்டி டிரம்ஸ் வாசிக்கும்.

தகடு உள்ளே போய் வரும்போது வெண்ணெயில கத்தி மாதிரி வழுக்கக் கூடாது, மல்லுக்கட்டவும் கூடாது. லேசா பிடிச்சு இழுக்கணும். ஸ்குரூவை அசையாம பிடிச்சுக்கிட்டே லாக் நட்டை இறுக்கணும். இறுக்கினப்புறம் மறுபடி தகடு விட்டுப் பாருங்க. நட்டு திரும்பும்போது ஸ்குரூவையும் சேர்த்துத் திருப்பிடும், நீங்க வெச்ச இடைவெளி காணாம போயிருக்கும். பத்துல எட்டு பேர் விடுற ஸ்டெப் இதுதான்னு என் அபிப்பிராயம்.

ஷிம் வெச்ச வண்டி, நாலு வால்வு வண்டி எல்லாம் வீட்டுல ட்ரை பண்ண வேணாம். புல்லட் வெச்சிருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-க்கு அப்புறம் வந்த யூசிஇ இன்ஜின் கிளாசிக் 350, 500-ல ஹைட்ராலிக் டேப்பெட். அது ஆயில் அழுத்தத்துல தானே சரி பண்ணிக்கும், நீங்க ஆயிலை மட்டும் ஒழுங்கா மாத்துங்க. தாத்தா காலத்து இரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு ஃபீலர் கேஜே வேணாம். இன்ஜின் ஆறி இருக்கும்போது புஷ் ராடு விரலால சுத்தணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான்.

டைட் ஆகுதான்னு நோட்டு இல்லாமலே கண்டுபிடிக்கச் சில அறிகுறி இருக்கு. கிக்கர் வழக்கத்தை விட லேசா, பொசுக்குன்னு இறங்குறது. சூடா இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மக்கர் பண்றது. ஐடிலிங் ஏறி இறங்குறது. இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்ஸர்ல 'பட் பட்'னு வெடிக்கிறது. இதுக்கெல்லாம் வேற காரணமும் இருக்கலாம். ஆனா செலவில்லாத காரணத்தை முதல்ல பார்த்துடறது புத்திசாலித்தனம். நேத்து வரைக்கும் ஏறின வளைவுல இன்னிக்கு ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்குன்னா, அன்னிக்கே பாருங்க.

சத்தம் கேட்டுப் பார்க்க ஒரு நல்ல இடம், ரோட்டை ஒட்டிப் பாறை சுவர் மாதிரி நிக்கிற இடம். ஹெல்மெட்டோட போகும்போதுகூட நம்ம இன்ஜின் சத்தம் பாறையில பட்டுத் திரும்பி நமக்கே கேட்கும். மெல்லிசா 'டிக் டிக்' கேட்டா நிம்மதியா போங்க. 'கரகர'ன்னு கேட்டா அது டைமிங் செயினா இருக்கலாம். டேப்பெட் மேல பழி போடாதீங்க.

கடைசியா, இதைப் படிச்சுட்டு யாராவது ஒரு புத்திசாலி யோசிப்பீங்க. 'சுத்துறதுலதானே தேயுது? அப்போ மெட்டுல இருந்து இறங்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல வந்தா டேப்பெட்டும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம்!' தயவுசெஞ்சு வேணாம். இறக்கத்துல ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது உள்ளே எரியறதே கொஞ்சம்தான். வால்வுக்கு அது ரெஸ்ட் மாதிரி. சுத்தினாலும் சூடாகாது. அந்த இன்ஜின் பிடிமானத்தை விட்டுட்டு வந்தா, ரெண்டு ஆளு எடையும் பிரேக் டிரம் மேல வந்து உட்காரும். நாலாவது அஞ்சாவது வளைவுலயே டிரம் சூடாகி பிரேக் பிடிக்காம போகும். மூடுபனியும் மழையும் சேர்ந்த நாள்ல அடுத்த வளைவு எங்கே இருக்குன்னே தெரியாது. ஏறின கியர்லயே இறங்குங்க. டேப்பெட்டை நான் பார்த்துக்கறேன்... சாரி, நீங்க பார்த்துக்குவீங்க!

ஏலக்காட்டு நண்பர்கள் நோட்டுல முதல் வரியை மே மாசக் கடைசியில எழுதிடுங்க. மழை பிடிச்சு பறிப்பு ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் சுத்து சுத்தா வேலை ஓடும், வண்டியை ஒரு ராத்திரி ஷெட்ல விட யாருக்கும் மனசு வராது. எக்ஸ்எல் 100 வெச்சிருக்கிற அப்பாவோட வண்டியையும் அன்னிக்கே சேர்த்துத் தள்ளிக்கிட்டு போயிடுங்க.